ஆலைச் சங்கும் அபாயச் சங்கும்

2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பியது நெடிதான். கண் எரிந்தது, மூச்சு முட்டியது. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் சாலைக்கு ஓடினார்கள். கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்காகக் கப்பலிலிருந்து கரைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலருகே காற்றை அளந்தபோது ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது, வரம்பு 400. குழாய் கிடக்கும் பகுதிக் கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. விடிந்ததும் ஆலை வாசலில் திரண்டவர்களின் குமுறலில் ஒரு கேள்வி இருந்தது: எங்களுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை?

இதற்குச் சட்டத்தில் பதில் தேடலாம், பொறியியலிலும் தேடலாம். சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் ஒரு பொழுதுபோக்கின் வழியாகவும் இந்தக் கேள்விக்குள் நுழைய முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இடிபடும் பள்ளிக்கூடம், மூடிய மருத்துவமனை, புதுப்பிக்கும் ஹோட்டல் ஆகியவற்றிலிருந்து மணி, ஹூட்டர், கண்ணாடியை உடைத்து அழுத்தும் சிவப்புப் பெட்டி, கட்டுப்பாட்டு பேனல் என்று எதையும் விடாமல் பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வீட்டுச் சுவரில் மாட்டி, மறுபடி ஒலிக்க வைக்கிறார்கள். அவர்களிலும் ஒரு சிலர் தேடுவது பேனலுக்குள் பதிவாகியிருக்கும் குரலை. கட்டடத்தில் தீ எச்சரிக்கை வந்திருக்கிறது, பதறாமல் அருகிலுள்ள வாசல் வழியாக வெளியேறுங்கள், லிஃப்டில் ஏறாதீர்கள் என்று நிதானமாகச் சொல்லும் அந்தக் குரல் இருபது வினாடிக்கு மேல் நீளாது. அதைக் காப்பாற்றுவதற்காக வாரக்கணக்கில் சாலிடரிங் இரும்போடு உட்கார்ந்திருப்பார்கள்.

குரல் எப்படி மணியின் இடத்துக்கு வந்தது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1970இல் நியூயார்க்கில் ஒன் நியூயார்க் பிளாசா என்ற ஐம்பது மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தது. அவ்வளவு உயரமான கட்டடத்தில் எல்லோரையும் ஒரே சமயத்தில் படியில் இறக்க முடியாது. எந்த மாடி இறங்க வேண்டும், எந்த மாடி காத்திருக்க வேண்டும் என்பதை மணியால் சொல்ல முடியாது. 1973இல் அந்த நகரம் இயற்றிய ஐந்தாம் எண் உள்ளூர்ச் சட்டம், உயர்ந்த அலுவலகக் கட்டடங்களில் மாடிகளோடு பேசும் ஒலிபெருக்கி ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. பிறகு பிரிட்டனில் நியூகாசில் நகரத்து மானுமென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் கிலென் ப்ரூ, ஜோனதன் சைம் இருவரும் ஒரு சோதனை நடத்தி, 1991இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மணி மட்டும் அடித்தபோது பயணிகள் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். என்ன நடந்திருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் விளக்கிச் சொன்னபோது சில நிமிடங்களில் நிலையம் காலியானது. உண்மையைச் சொன்னால் கூட்டம் மிரண்டு சிதறிவிடும் என்ற அதிகாரிகளின் நம்பிக்கைக்கு அந்தச் சோதனையில் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த முடிவை நம் ஆலை நிர்வாகங்கள் படித்திருந்தால் நல்லது.

அந்தக் குரல் எதில் பதிவானது என்பது சேகரிப்பவர்களின் தலைவலி. ஆரம்ப கால பேனல்களில் முனையில்லாமல் சுற்றும் காந்த நாடா. அந்தக் கால நாடாக்கள் பலவற்றில் காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். ஐம்பது டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுத்தால் கொஞ்ச நாள் ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். அடுத்து வந்தது மேலே சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்த நினைவகச் சிப். ஜன்னல்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்து நேரடி வெயிலில் ஒரு வாரம் கிடந்தால், உள்ளே இருப்பது அழியத் தொடங்கும். 1990களில் வந்த இன்னொரு சிப் விசித்திரமானது. பதினாறு, இருபது வினாடிப் பேச்சை அது எண்களாக மாற்றாமல் மின்னழுத்த அளவுகளாகவே வைத்துக்கொள்ளும். செய்தி நூறாண்டு தாங்கும் என்றார்கள் தயாரித்தவர்கள். ஆனால் கணினியில் செருகிப் பிரதி எடுக்க வழியில்லை. அதைப் பாட வைத்து, வெளியே வருவதைப் பதிவுசெய்வது ஒன்றே வழி.

இவ்வளவு பாடு எதற்கு? பழைய பொருள்மேல் உள்ள மோகம் என்று ஒதுக்கிவிடலாம். பாதி அதுதான். லண்டன் எம்பாங்க்மென்ட் சுரங்க ரயில் நிலையத்தில் இடைவெளியைக் கவனிக்கச் சொல்லும் பழைய குரல் நடிகர் ஆஸ்வால்ட் லாரன்ஸுடையது. 2012இல் புது ஒலிபெருக்கி ஏற்பாட்டில் அது காணாமல்போனது. கணவர் இறந்தபின் அந்தக் குரலைக் கேட்கவே அந்த நடைமேடையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்த அவர் மனைவி கேட்டுக்கொண்டதன்பேரில் 2013இல் அந்த ஒரு நிலையத்தில் மட்டும் பழைய குரலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். உருக்கமான கதைதான், ஆனால் என் அக்கறை மற்ற பாதியில் இருக்கிறது. எச்சரிக்கைப் பதிவு ஒரு ஆவணம். எந்த மொழியில் பேசுகிறது, ‘வெளியேறு’ என்கிறதா ‘வேலை இடத்திலேயே இரு’ என்கிறதா, காரணத்தைச் சொல்கிறதா மறைக்கிறதா, ஸ்பீக்கர் எந்தச் சுவர் வரை போகிறது என்று பார்த்தால், கட்டடத்தின் சொந்தக்காரர் யாரையெல்லாம் காப்பாற்ற வேண்டியவர்களாக எண்ணினார் என்பது தெரிந்துவிடும். ஆண்டறிக்கையில் எதையும் எழுதலாம். ஆபத்து நேரத்துக்கென்று முன்கூட்டியே பதிந்து வைத்த இருபது வினாடியில் அவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல முடியாது.

நம் ஊரில் பதிவுசெய்த அறிவிப்புக் குரல் என்றதும் நினைவுக்கு வருவது ‘பயணிகளின் கனிவான கவனத்திற்கு’. 2023 பிப்ரவரி இறுதியில் சென்னை சென்ட்ரலில் ஒலிபெருக்கி அறிவிப்புகளை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் திரையில் மட்டும் காட்டிப் பார்த்தார்கள். பார்வையற்ற பயணிகள் திண்டாடினார்கள், எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும்தான். சில நாட்களிலேயே குரல் திரும்பி வந்துவிட்டது. தீ விஷயத்தில் 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, குரல்வழி வெளியேற்ற ஏற்பாடு இந்தி, ஆங்கிலம், வட்டார மொழி மூன்றிலும் பதிவுசெய்த செய்திகளைக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள் ஷிப்ட் பார்க்கும் மணலியிலும் எண்ணூரிலும் அந்த மூன்று மொழியும் போதுமா என்பது தனி விவாதம். எப்படியிருந்தாலும் விதி பேசுவது கட்டடத்துக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றி.

வடசென்னையின் பெரிய ஒலிகள் கட்டடத்துக்கு வெளியே இருந்தன. பக்கிங்ஹாம் ஆலை 1876இல் வந்தது, கர்நாடிக் ஆலை 1881இல். பின்னாளில் இரண்டும் சேர்ந்து பி அண்ட் சி மில். பெரம்பூர், ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி வீடுகளில் அடுப்புப் பற்றவைத்ததும் பிள்ளைகளைப் பள்ளிக்கு எழுப்பியதும் அந்த மில் சங்கை வைத்துத்தான். மில்லில் வேலை பார்க்காதவர்களுக்கும் அதுதான் கடிகாரம். திருவொற்றியூர் பக்கம் போனால் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை, என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்; எண்ணூரில் அசோக் லேலண்ட். எது எந்தக் கம்பெனிச் சங்கு என்று கேட்டமாத்திரத்தில் சொல்லுகிற ஆட்கள் இன்றும் அந்தத் தெருக்களில் இருக்கிறார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததற்குப் பின்னால் இருந்த பி அண்ட் சி மில் தொழிலாளர்களின் குறைகளில் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. இரண்டு சங்கொலிக்கு நடுவே எத்தனை நிமிடம் என்பதுதான் அங்கே தகராறு. 1921இல் அந்த ஆலை மாதக்கணக்கில் வேலைநிறுத்தத்தில் முடங்கியது. 1996இல் ஒரேயடியாக மூடப்பட்டது.

இந்தச் சங்குகளின் பதிவு கிடைத்தால் அதில் என்ன கேட்கும்? கொஞ்சம் இயந்திரத்துக்குள் போக வேண்டும். ஆரம்பத்தில் ஊதியது நீராவி. பிறகு வந்தது மின்சார சைரன், அதாவது துளையிட்ட உருளை சுழன்று காற்றை வெட்டி வெட்டி அனுப்பும் கருவி. இந்தத் தத்துவத்தை 1819இல் பிரெஞ்சுக்காரர் காக்னியார் த லா தூர் செய்துகாட்டினார். வினாடிக்கு எத்தனை சுற்று, உருளையில் எத்தனை துளை, இரண்டையும் பெருக்கினால் ஒலியின் அதிர்வெண். மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது. அமெரிக்காவில் அது 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஒரே சைரனை இரண்டு நாட்டிலும் ஓட்டினால் 6க்கு 5 என்ற விகிதத்தில் இங்கே சுருதி இறங்கும். சட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள தூரம் அது. ஆகவே அமெரிக்கத் திரைப்படத்தில் கேட்கும் சைரனும் திருவொற்றியூரில் கேட்ட சைரனும் ஒரே கருவியாக இருந்தாலும் காதுக்கு வேறு வேறு. தமிழ்ப் படங்களில் ஆலைக் காட்சிக்கு வரும் சங்கொலியை ஆவணமாக எடுத்துக்கொள்ள நான் தயங்குவது இதனாலும்தான். அது எங்கோ வெளிநாட்டில் பதிவான ஒலி நூலகத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதோடு முடியவில்லை. 1990களில் தென்னிந்திய மின்கட்டமைப்பு பற்றாக்குறையில் திணறியது. மாலை நேரங்களில் அலைவெண் 48 ஹெர்ட்ஸை ஒட்டி இறங்கிக் கிடப்பது வழக்கமாக இருந்தது. 2003 ஜனவரியில் அலைவெண்ணோடு விலையைப் பிணைத்த புதிய கட்டண முறை தெற்கில் வந்த பிறகுதான் நிலைமை சீரானது. 2013 டிசம்பர் 31 அன்று தென்மண்டலம் தேசியக் கட்டமைப்போடு இணைந்தது. 48 ஹெர்ட்ஸில் ஓடும் சைரன், 50இல் ஓடுவதைவிட, அடுத்தடுத்த இரண்டு சுரத்தானங்களின் இடைவெளியில் ஏறக்குறைய முக்கால் பங்கு கீழே ஒலிக்கும். ‘அந்தக் காலத்துச் சங்கு வேற மாதிரி அழும்’ என்று பெரியவர்கள் சொல்வதை ஞாபகத்தின் மிகை என்று தள்ள வேண்டியதில்லை. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதன் புகையைச் சுவாசித்த தெருவிலேயே மின்பற்றாக்குறை சங்கின் சுருதியில் கேட்டிருக்கிறது.

சுருதியை வைத்துக் காலத்தைக் கணிக்க முடியுமா என்றால், முடியும். ஆனால் கேசட் ரிக்கார்டரின் வேகமே ஒன்றிரண்டு சதவீதம் பிசகும். பதிவில் ஊடுருவியிருக்கும் மின்சார இரைச்சலோடு ஒப்பிடலாம் என்று தோன்றும். அதில் பயனில்லை, மோட்டாரும் இரைச்சலும் ஒரே மின்சாரத்தில் சேர்ந்தே இறங்கும். வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். வானொலிச் செய்திக்கு முன் வரும் நேரக் குறியொலிகள் அதே கேசட்டில் விழுந்திருந்தால் போதும். அவற்றின் நடுவே இருப்பது சரியாக ஒரு வினாடி. அதைக்கொண்டு நாடாவின் வேகத்தைத் திருத்திவிட்டுச் சங்கை அளக்கலாம். இங்கிலாந்தில் காவல்துறைத் தடயவியலாளர்கள் ஒலிப்பதிவின் நேரத்தைச் சரிபார்க்க மின்கட்டமைப்பின் அலைவெண் ஏற்ற இறக்கத்தைத் தொடர்ந்து பதிந்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பொறுமை இருந்தால் கேசட்டுகளுக்குக் குறைவில்லை.

எந்தக் கேசட்டுகள்? யாரும் சங்கைப் பதிவுசெய்வதற்காக டூ-இன்-ஒன் வாங்கவில்லை. பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய அந்தப் பெட்டியில் பதிவானவை கல்யாண வீட்டுக் கச்சேரி, குழந்தையின் மழலை, வளைகுடாவுக்குப் போன மகனுக்கு எழுத்தறியாத தாய் பேசி அனுப்பிய ‘கேசட் கடிதம்’. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ திண்ணையில் வைத்துப் பேசியிருந்தால் பின்னணியில் எல்லாமே விழுந்திருக்கும்: கூட்ஸ் வண்டி, துறைமுகக் கப்பலின் ஹாரன், மாதா கோயில் மணி, ஷிப்ட் சங்கு. கனடாவின் ஆர்.மர்ரி ஷேஃபர் 1970களில் வான்கூவரின் மூடுபனிக் கொம்புகளையும் மணிகளையும் நல்ல கருவிகளோடு திட்டமிட்டுப் பதிந்து, ஊருக்கு அடையாளமான ஒலிகளைக் கட்டடங்களைப் போலவே காக்க வேண்டும் என்று எழுதினார். நமக்கு வாய்த்திருப்பது தற்செயல் ஆவணம். அதில் முன்னணியில் இருப்பது ஒரு குடும்பத்தின் அந்தரங்கம் என்பதால் கேட்டு வாங்க வேண்டும், தேவையான வினாடிகளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கம்பெனிகளின் பேனல் நிலைமை இதைவிட மோசம். ஆலை மூடினால் எல்லாம் எடைக்குப் போகிறது. செம்புக் கம்பியைக் காயலான் கடையில் உருவிக்கொண்டபின் குரல் இருந்த பலகைக்கு மதிப்பில்லை.

இப்போது மறுபடி எண்ணூர். இதுவரை சொன்ன சங்கெல்லாம் வேலைக்குக் கூப்பிட்ட சங்கு. அதைக் கேட்காதவர் வட்டாரத்தில் இல்லை. கேட்கக்கூடாதென்று யாரும் நினைக்கவும் இல்லை. ஆபத்தைச் சொல்லும் ஒலிக்கு அந்தத் தாராளம் கிடைத்ததா?

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தை நோக்கி நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசியபோது நகரத்துக்கு முன்னெச்சரிக்கை எதுவும் இல்லை. பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் எரிந்ததுதான் அறிவிப்பு. இரண்டாம் உலகப் போரில் வான்தாக்குதல் சங்குகள் வந்தன. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் நகரம் பாதிக்கு மேல் காலியானது. அதற்கும் வெகுகாலம் முன்னதாகவே கடலோடிகளுக்கென்று ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. 1864 கல்கத்தாப் புயலின் பேரழிவுக்குப் பிறகு அடுத்த ஆண்டே தொடங்கிய துறைமுக எச்சரிக்கைக் குறிகள்தான் நாம் ‘மூன்றாம் எண் கூண்டு’ என்று சொல்பவை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு வெள்ளை விளக்கும். பதினொன்று வரை போகும் அந்த வரிசையில் எனக்குப் பிடித்தது கடைசி எண். வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது, புயல் வரக்கூடும் என்று உள்ளூர் அதிகாரியே முடிவு செய்திருக்கிறார் என்பது அதன் பொருள். தனக்கு மேலிடத்திலிருந்து சேதி வரவில்லை என்பதையே சேதியாக ஏற்றிவைக்கும் நேர்மை வேறெந்த எச்சரிக்கை முறையிலும் அபூர்வம்.

ஆலைகளின் அபாயச் சங்குக்கும் இலக்கணம் உண்டு. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தரநிலைப்படி பெருந்தீ என்றால் ஏறி இறங்கும் ஒலி இரண்டு நிமிடம். பேரிடர் என்றால் அதே ஒலி ஒரு நிமிட இடைவெளி விட்டு மூன்று முறை. ஆபத்து நீங்கியதென்றால் ஏற்ற இறக்கமில்லாத ஒலி இரண்டு நிமிடம். வாரம் ஒருமுறை சோதனையும் உண்டு. அதுவும் ஏற்ற இறக்கமில்லாத இரண்டு நிமிடம். மணலி சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பாடம். சுவருக்கு வெளியே குடியிருப்பவர்களில் எத்தனை பேரிடம் இந்த இலக்கணம் சொல்லப்பட்டிருக்கிறது? தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மில் சங்கின் அர்த்தம் தெரியும், இதன் அர்த்தம் தெரியாது.

போபாலில் இந்த இடைவெளி திட்டமிட்டே உண்டாக்கப்பட்டது. சின்னச் சின்னக் கசிவுக்கெல்லாம் ஊரைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று யூனியன் கார்பைடு ஆலை, உள்ளே ஒலிக்கும் எச்சரிக்கையையும் ஊருக்கு ஒலிக்கும் சங்கையும் பிரித்து வைத்திருந்தது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவு தாண்டி ஊர்ச் சங்கு சிறிது நேரம் ஒலித்து நிறுத்தப்பட்டது. உள்ளே இருந்தவர்களுக்கான எச்சரிக்கை தொடர்ந்தது. ஊருக்கானது மறுபடி முழங்கியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது, அதற்குள் தெருக்களில் பிணம் விழுந்திருந்தது. 2020 மே 7 அன்று விசாகப்பட்டினம் எல்.ஜி. பாலிமர்ஸில் ஸ்டைரீன் கசிந்தபோது, ஆலை வாசல் உட்பட முப்பத்தாறு இடங்களில் சைரனை இயக்கும் வசதி இருந்தும் ஒருவரும் இயக்கவில்லை என்று ஆந்திர அரசின் உயர்நிலைக் குழு எழுதியது. முப்பத்தாறு பொத்தான். இதைக் கருவிக் கோளாறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவறுதலாகச் சங்கு ஊதிவிட்டால் கேள்வி வரும், ஊதாமல் விட்டால் வராது என்று பழக்கப்பட்ட கை பொத்தானை நோக்கிப் போகாது. அபாய ஆலைகளுக்கான 1989, 1996 ஆண்டு விதிகள் வெளிவட்டார நெருக்கடித் திட்டத்தையும் ஒத்திகையையும் கட்டாயமாக்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகின்றன.

நேர்மாறான சம்பவமும் நம் கரையில் நடந்திருக்கிறது. புதுச்சேரி நல்லவாடு மீனவக் கிராமத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் மையம் ஒன்று இருந்தது. அன்றாடம் அலை உயரம், காற்று பற்றிச் சொல்ல வைத்த ஒலிபெருக்கி அதில் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியைத் தொலைபேசியில் சொன்னார். பூட்டியிருந்த மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் கொண்ட அந்த ஊர் பிழைத்தது. முன்கூட்டிப் பதிந்த குரல் அங்கே இல்லை. தினமும் உபயோகமான விஷயத்தைச் சொல்லிவந்த ஸ்பீக்கரிலிருந்து ஊராள் ஒருவர் பேசினார், ஊர் நம்பியது. ஆலைச் சங்குக்கு வட்டாரமே கட்டுப்பட்டதும் அது தினமும் ஊதியதால்தான். ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகையில், அதுவும் அதிகாரிகளும் போட்டோகிராபர்களும் சூழ ஒலிக்கும் சைரனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

2023 அக்டோபரில் தமிழ்நாட்டுக் கைப்பேசிகள் எல்லாம் திடீரென்று அலறி, தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதனைச் செய்தியைக் காட்டியதே, அந்த முறையைத்தான் இனி நம்பப்போகிறோம் என்கிறார்கள். புயலுக்கு அது நல்ல ஏற்பாடு. இரண்டு மாதம் கழித்து எண்ணூரில் நடந்தது வேறு வகை: காற்றடிக்கும் திசையில் சில நூறு வீடுகள், கையில் சில நிமிடங்கள். தகவல் ஆலையிலிருந்து அரசுக்கும், அரசிலிருந்து கைப்பேசிக் கோபுரத்துக்கும் போய் வருவதற்குள் நெடி வந்துவிடும். அதற்கு வேண்டியது ஆலைச் சுவரின் வெளிப்புறம் பார்த்த ஒரு ஸ்பீக்கர்.

வடசென்னைக்கு ஒரு எச்சரிக்கை ஒலித் தொகுப்பு வேண்டும் என்று நான் சொல்வதை மில் சங்கு ஏக்கத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம். ஏக்கத்துக்கும் அதில் இடம் உண்டு, தடையில்லை. ஆனால் அந்தத் தொகுப்பில் பி அண்ட் சி மில் சங்குக்குப் பக்கத்தில், இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஆலைகளின் பேனல் குரல்களும் இருக்க வேண்டும், எழுத்து வடிவத்தோடு, எந்த மொழியில், எந்த ஆண்டில், ஸ்பீக்கர் எங்கே என்ற குறிப்போடு.

இதில் இறங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் ஒன்று இருக்கிறது. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 54ஆவது பிரிவுப்படி, பேரிடர் பற்றிப் பொய்யான எச்சரிக்கை பரப்பிப் பீதி கிளப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். 2025 மே 7 அன்று சென்னைத் துறைமுகத்தில் போர்க்கால ஒத்திகை நடந்தது. அந்த வாரம் தொலைக்காட்சிகள் செய்திக்கு நடுவே வான்தாக்குதல் சைரனைப் பின்னணி இசைபோல ஓடவிட்டன. உடனே மத்திய அரசின் குடிமைப் பாதுகாப்பு இயக்குநரகம், விழிப்புணர்வுக்குத் தவிர அந்த ஒலியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஊடகங்களுக்கு அறிவுறுத்தியது. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போகும் என்பது அவர்கள் சொன்ன காரணம், சரியான காரணம். சேகரிப்பவரும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இது ஆவணப் பதிவு என்று குரலால் சொல்லிவிட்டுத்தான் ஒலியைச் சேர்க்க வேண்டும், ஜன்னல் திறந்து வைத்துக்கொண்டு பெரிய ஸ்பீக்கரில் போட்டுப் பார்க்கக்கூடாது.

பழைய கேசட்டைத் தேடிப் போவதற்கு முன்பே தொடங்கக்கூடிய வேலை ஒன்று உண்டு, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. வாராந்திர சோதனைச் சங்கு பொதுத் தெருவில் கேட்கும் ஒலி. மணலியிலோ எண்ணூரிலோ அது எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்துக்கொண்டு, நாலைந்து பேர் வெவ்வேறு தெருமுனைகளில் கைப்பேசியோடு நின்று ஒரே நேரத்தில் பதிவுசெய்யலாம்: ஒருவர் ஆலை வாசலில், ஒருவர் நெடுஞ்சாலையைத் தாண்டி, ஒருவர் குப்பத்துக் கடைசி வீட்டருகே. காற்று எந்தப் பக்கம் அடித்தது, லாரி போனதா, வீட்டுக்குள் மின்விசிறி ஓடும்போது கேட்டதா என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். கடற்காற்று வீசும் மாலையில் ஒலி மேற்கே தள்ளப்படும், கரையோரத்தில் மங்கும். ஆகவே ஒரே தெருவில் காலையிலும் மாலையிலும் எடுத்த பதிவுகளை ஒப்பிட வேண்டும். எந்தத் தெரு வரை கேட்கிறது, எந்தத் தெருவில் கேட்கவில்லை என்று வரைபடத்தில் குறித்தால், கேட்காத தெருக்களின் பெயர்களை மாவட்ட நெருக்கடிக் குழுவுக்கு எழுதிக் கேட்கலாம்.